புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? புதுக் கடல் மீன்களின் நோய்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

மதுரையில் நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நமக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டி அனுபவத்திலிருந்து வருபவை. "கல்லுப்பு ஒரு கைப்பிடி போடுங்கண்ணே." "மஞ்சத்தூள் கரைச்சு ஊத்துங்க." "ஹீட்டரைக் கூட்டி வைங்க." "தீனியில பூண்டுச் சாறு கலந்து குடுங்க, ஒரு வாரத்துல புள்ளி போயிரும்."

வேடிக்கை என்னவென்றால், புள்ளி உண்மையிலேயே ஒரு வாரத்தில் போய்விடும். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் போய்விடும். பிறகு கொஞ்ச நாள் கழித்து மறுபடி வரும், இந்த முறை உடம்பு முழுக்க. அப்போது யாரும் மஞ்சளையோ பூண்டையோ குறை சொல்வதில்லை. "மெரைன் மீனே அப்படித்தான், தாங்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த மீன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வாரத்தில் தொட்டிக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால், எந்த மருந்து எப்போது வேலை செய்யும் என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

பைக்குள்ளேயே ஆரம்பிக்கும் சிக்கல்

சென்னையில் ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏற்றி, விடியற்காலை மாட்டுத்தாவணியில் இறக்கும் தெர்மகோல் பெட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாலிதீன் பை. அதில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன், நடுவே ஒரு க்ளவுன் மீன். அது மூச்சுவிடும் கார்பன் டை ஆக்சைடும், செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவும் அந்தத் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு வருகின்றன. அம்மோனியா என்பது மீனின் கழிவு. மீனுக்கு அதுவே விஷம்.

ஆனால் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேரத் தண்ணீரின் பி.எச். இறங்கும். பி.எச். என்பது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண். கடல் தண்ணீருக்கு 8.1 முதல் 8.4 வரை. இது குறையும்போது அம்மோனியாவில் பெரும்பகுதி, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக மாறிவிடும். ராத்திரி முழுக்க மீன் பிழைத்திருப்பது இதனால்தான்.

பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும். பி.எச். ஏறும். அம்மோனியம் மறுபடி அம்மோனியாவாக மாறிச் செவுளைப் பொசுக்கத் தொடங்கும். புதிதாக வருபவர்கள் பயபக்தியோடு செய்யும் ஒரு சடங்கு உண்டு: பையைத் திறந்து வைத்து, ஒரு குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரை விடுவது. பக்கத்துத் தெருக் கடையில் வாங்கி வந்த மீனுக்கு இதில் மோசமில்லை. ராத்திரி முழுக்கப் பயணம் செய்த மீனுக்கு இது கெடுதல்.

பையை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள்; சூடு சமமாகட்டும். மீனை விடப்போகும் தொட்டியின் உப்படர்த்தியை முன்கூட்டியே பைத் தண்ணீருக்குச் சமமாக வைத்திருங்கள். திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

உப்படர்த்தி என்றால் நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் எத்தனை மடங்கு கனம் என்று காட்டும் எண். நல்ல தண்ணீருக்கு 1.000, கடலுக்கு ஏறத்தாழ 1.025. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பல கடைகளில் உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணிகளை அடக்கி வைக்கவும் 1.018, 1.020 என்று குறைத்தே வைத்திருப்பார்கள். அதனால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். குறைந்த உப்பிலிருந்து கூடிய உப்புக்குத் திடீரென மாற்றினால் மீன் தாங்காது. சில நாட்களில் மெல்ல ஏற்ற வேண்டும்.

கடல் மீன் தண்ணீர் குடிக்கும்

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு போல. மெல்லிய சவ்வின் இரண்டு பக்கமும் இப்படி வித்தியாசம் இருந்தால், தண்ணீர் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு கூடிய பக்கத்துக்குப் போகும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். ஆக, கடலில் நீந்தும் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் எந்நேரமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட மீன் கடல் தண்ணீரைக் குடிக்கிறது, கூடவே வந்த உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது.

இந்தக் கசிவைக் கட்டுக்குள் வைத்திருப்பது தோலும், அதன் மேல் இருக்கும் கோழையும், செவுளும்தான். ஒட்டுண்ணி துளைப்பதும் இவற்றைத்தான். செவுள் கெட்டால் மூச்சும் போகிறது, உப்பைத் தள்ளும் வேலையும் நின்றுபோகிறது. நம் கண்ணில் படுவது தோல் மேல் உள்ள புள்ளி. மீனைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத செவுள் சேதம்.

இதுவரை பார்த்தது: புது மீன் நம் கைக்கு வரும்போதே செவுள் களைத்துத்தான் வருகிறது. அதன் பிறகு வரும் எந்த நோயையும் அளந்து பார்க்க முதல் இடம் மூச்சு.

புள்ளி எங்கே போகிறது?

வெள்ளைப்புள்ளி நோயைக் கடல் மீனுக்குக் கொடுப்பது கிரிப்டோகேரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஒட்டுண்ணி என்றால் இன்னோர் உயிரின் மேல் தங்கி அதைத் தின்று வாழ்வது. நன்னீர் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி தருவது வேறு உயிரி. அதற்கு உப்பு ஆகாது, சூடும் ஆகாது. அங்கே உப்பும் ஹீட்டரும் நன்றாகவே வேலை செய்யும். ஏற்கெனவே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும் தொட்டியில் ஒரு கைப்பிடி கல்லுப்பு என்ன செய்துவிடும்?

கிரிப்டோகேரியான் தோலின் மேலடுக்குக்குள் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுக்கும். நாம் பார்க்கும் புள்ளி இதுதான். வயிறு நிறைந்ததும் தானாகவே கழன்று விழும், பெரும்பாலும் இருட்டில். விழுந்த இடத்தில், மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து ஒன்று இருநூறு வரை ஆகும். சில நாளில் சில கூடுகள் உடையும், சில மூன்று நான்கு வாரம் எடுக்கும், அரிதாக 72 நாள் வரை இழுத்தவையும் உண்டு. உடைந்து வெளிவரும் குஞ்சுகள் நீந்திப் போய் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் சாகும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பேன் மருந்து போட்ட வீடுகளில் இது எளிதாகப் புரியும். மருந்துக்குப் பேன் சாகும், ஈறு சாகாது. அதனால்தான் ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி போடச் சொல்கிறார்கள். மீன் தொட்டியில் சங்கதி இன்னும் மோசம்: ஈறு தலையில் இருக்கிறது, சீப்பு போட்டு வாரிவிடலாம். இந்தக் கூடுகள் மீனின் மேல் இல்லை, வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

ஆக, தோலுக்குள் இருக்கும்போதும் மருந்து எட்டாது, கூட்டுக்குள் இருக்கும்போதும் எட்டாது. குஞ்சாக நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாள் மட்டுமே மருந்துக்குக் கிடைக்கும் வாசல். பூண்டு கொடுத்த நாலாம் நாள் புள்ளி மறைந்தது என்றால், ஒட்டுண்ணி சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிளம்பியது என்று அர்த்தம்.

எந்த நோய் என்று பார்ப்பது எப்படி

மீன் தன்பாட்டில் நிதானமாக இருக்கும்போது செவுள் மூடி எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று செல்போன் கடிகாரத்தை வைத்துக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குங்கள். இனத்துக்கு இனம், அளவுக்கு அளவு இது மாறும் என்பதால், வந்த முதல் நாளே எண்ணி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால், தோலில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் மீன் ஆபத்தில் இருக்கிறது.

உப்புக்கல் போலத் தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளிகள், பாறையில் உரசிக்கொள்ளுதல், ஆனாலும் தீனி எடுத்தல்: இது வெள்ளைப்புள்ளி. சர்ஜன் மீன்களுக்கு, அதாவது கடைகளில் டேங் என்று சொல்லும் வகைக்கு, சீக்கிரம் வரும். யோசிக்க நேரம் இருக்கிறது.

வெல்வெட் நோய்க்கு அந்த நேரம் கிடையாது. அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. புள்ளிகள் எண்ண முடியாத அளவு பொடி. தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தோலின் மேல் மங்கிய தங்கத் தூள் தெரியும். ஆனால் பல மீன்கள் தூள் தெரியும் முன்பே செத்துவிடும், ஏனென்றால் அது முதலில் பிடிப்பது செவுளை. பம்ப் தண்ணீர் வேகமாக அடிக்கும் இடத்தில் போய் மீன் நின்றுகொண்டே இருக்கும், தீனி எடுக்காது, வாய் பிளந்து மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்று கேட்கும் சாவுகளில் பல இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

க்ளவுன் மீன் வாங்கிய சில நாளில் தோல் வெளுத்து, கோழை படலம் படலமாக உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. இதற்குக் காப்பர் (செம்பு கலந்த மருந்து) வேலை செய்யாது. ஃபார்மலின் என்ற மருந்துதான் வழக்கமாகக் கொடுப்பது. அது மனிதனுக்கும் நல்லதில்லை, தண்ணீரின் ஆக்சிஜனையும் குறைக்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், ஏர் பம்ப்பை முழுவேகத்தில் ஓடவிட்டு, லேபிளில் போட்ட அளவை மீறாமல் பயன்படுத்த வேண்டும்.

கண் மங்கலாகி, தலையை ஆட்டி, உரசிக்கொண்டே இருந்தால் ஃப்ளூக் என்ற தட்டைப்புழுவாக இருக்கலாம். கண்ணாடி போல இருப்பதால் மீனின் மேல் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க நல்ல தண்ணீர்க் குளியல் ஒன்று உண்டு. ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆப்ப சோடா சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பி.எச்.சைத் தொட்டிக்குச் சமமாக்கி, ஏர் ஸ்டோன் விட்டு, மீனை மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுவது. முன்னே சொன்ன சவ்வூடு பரவல் இப்போது தலைகீழாகும்: உப்பு உடம்புள்ள புழுவுக்குள் தண்ணீர் பாய்ந்து அது வெளுத்து உதிரும். வாளியின் அடியில் எள் மாதிரி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். மீன் அந்தச் சில நிமிடத்தைத் தாங்கும். சாய்ந்து விழுந்து துவண்டால் உடனே எடுத்துவிட வேண்டும். முழுதாகக் குணமாக்க பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து தேவை. அதுவும் ஒரு வாரம் போல இடைவெளி விட்டு இரண்டாம் முறை, ஏனென்றால் முட்டை சாகாது.

தனிமைத் தொட்டியும் காப்பரும்

தனிமைத் தொட்டி என்பது புது மீனைப் பெரிய தொட்டிக்குள் விடுவதற்கு முன் நாலைந்து வாரம் தனியாக வைத்துப் பார்க்கும் இடம். 40, 50 லிட்டர் போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ போதும். ஏற்கெனவே பெரிய தொட்டியில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று கட்டாயம். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. புத்தம் புது ஃபில்டரை மாட்டினால் அந்த பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் மீன் தன் அம்மோனியாவிலேயே மூழ்கிவிடும். மருந்தால் செத்தது என்று சொல்லப்படும் மீன்களில் பல அம்மோனியாவில் செத்தவை. தினம் ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

காப்பர் என்று கடையில் கேட்பது செம்பு கலந்த மருந்து. வெள்ளைப்புள்ளி, வெல்வெட் இரண்டின் நீந்தும் குஞ்சுகளையும் கொல்லும். கூட்டைத் தொடாது. அதனால்தான் ஒரு நாள் ஊற்றினால் பயனில்லை; ஒரு மாதம் போல இடைவிடாமல் அதே அளவில் இருக்க வேண்டும். நடுவில் அளவு குறைந்தால் அன்றைக்குப் பிறக்கும் குஞ்சுகள் தப்பிவிடும். கூடினால் மீனே சாகும். எந்த அளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும்: ஒரு வகைக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராமோ அதற்கும் குறைவோ, இன்னொரு வகைக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல். ஆகவே லேபிளைப் படிக்காமல், சோதனைக் கிட் இல்லாமல் காப்பரைத் தொடாதீர்கள். பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும். பாறையும் பவள மணலும் செம்பை உறிஞ்சி அளவையும் குழப்பிவிடும்.

மருந்தே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான், ஏனென்றால் ஒட்டுண்ணியின் கால அட்டவணையை அதற்கே எதிராகத் திருப்புகிறது. கழன்று விழுந்த கூடு உடைய எப்படியும் மூன்று நாளாவது ஆகும். அதனால் மூன்று நாள் முடிவதற்குள் மீனை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். விழுந்தவை எல்லாம் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். இப்படி நாலு தடவை மாற்றினால், சுமார் 12 நாளில் மீன் மேல் இருந்தவை அத்தனையும் கழன்றிருக்கும், புதிதாக ஏற எதுவும் இருக்காது. காலியான தொட்டி, பைப், ஏர் ஸ்டோன் அத்தனையையும் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தால் போதும். முழுக்கக் காய்ந்தால் கூடு பிழைக்காது. மதுரை வெயில் இதற்கு மட்டும் நல்ல துணை. செலவு உப்பில்தான்: 40 லிட்டருக்கு ஒரு தடவை 1.4 கிலோ, முதல் தொட்டியையும் சேர்த்து ஐந்து தடவைக்கு ஏழு கிலோ. அது மெரைன் உப்பாக இருக்க வேண்டும். கல்லுப்பு கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு; கால்சியமும் மெக்னீசியமும் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் சரக்கும் அதில் போதாது. இந்த வழி வெல்வெட்டுக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருக்கமாக: நோய் மீனில் பாதி, தொட்டியில் பாதி. மீனைக் குணப்படுத்திவிட்டு அதே தொட்டியில் திரும்ப விட்டால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

பெரிய தொட்டியைப் பட்டினி போடுவது

அதனால் பெரிய தொட்டியில் நோய் வந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனே இல்லாமல் விட வேண்டும். இறாலும் நத்தையும் பவளமும் இருக்கலாம், அவற்றின் மேல் இது வாழாது. கூடுகள் ஒவ்வொன்றாக உடைந்து, குஞ்சுகள் மீனைத் தேடி அலைந்து பட்டினியில் சாகும். நோயில் இருந்த ஒரே ஒரு சின்ன மீனை "இது நல்லாத்தானே இருக்கு" என்று உள்ளே விட்டுவைத்தாலும் அத்தனை நாளும் வீண். இதைச் செய்து பார்த்தவர்கள் அடுத்த மீனைத் தனிமைத் தொட்டி இல்லாமல் வாங்குவதில்லை.

சித்திரை வெயில்

ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் வெளியே 40 டிகிரியைத் தொடும். மாடி அறையில் இருக்கும் தொட்டித் தண்ணீர் 31, 32 வரை போகும். கடல் மீன் தொட்டிக்கு 25 முதல் 27 வரை போதும். ஒரே சூட்டில் நன்னீரைவிடக் கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. சூடு ஏறினால் இன்னும் குறையும். செவுளில் நோய் உள்ள மீனுக்கு ஹீட்டரைக் கூட்டுவது என்ன வைத்தியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைக்கலாம். சென்னை மாதிரிக் கசகசப்பு இல்லாத காற்று என்பதால் இங்கே இது நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் தினம் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்படர்த்தி ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போனால் உதவ, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வாங்கும்போதும், வாங்கிய பின்னும்

கடையில் மீனைக் காட்டச் சொல்லாதீர்கள், தீனி போடச் சொல்லுங்கள். தீனிக்கு வராத மீன் வேண்டாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் வெளியே ஒரு குறையும் இல்லாமல் இருந்து சில வாரத்தில் சாகும், அதற்கு வைத்தியம் இல்லை. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த க்ளவுன் மீன்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, உலர் தீனிக்கும் பழகியிருக்கும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் வேலை நடந்திருக்கிறது. "ராமேஸ்வரம் போறப்ப நாமளே புடிச்சிட்டு வந்துரலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. கடற்குதிரையும் கடினப் பவளமும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை.

கடைசியாக, மருந்தே தேவைப்படாதவற்றுக்கு மருந்து ஊற்றுவதும் நடக்கிறது. துடுப்பு ஓரத்தில் காலிஃப்ளவர் போல வெள்ளைக் கட்டி வந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். பார்க்க அசிங்கமாக இருக்கும், மருந்து கிடையாது, சுத்தமான தொட்டித் தண்ணீரும் நல்ல தீனியும் கொடுத்தால் பெரும்பாலும் தானே போய்விடும். ராத்திரியில் நிறம் மங்குவது பல மீன்களுக்கு வழக்கம். க்ளவுன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கும். நீல டேங் பயந்தால் பாறை இடுக்கில் படுத்துச் செத்தது போலக் கிடக்கும். ராஸ் வகை மீன் வாங்கிய அன்றே காணாமல் போனால் தொட்டியைக் கலைத்துத் தேட வேண்டாம். இவற்றில் பல மணலுக்குள் புதைந்து கிடக்கும், ஓரிரு நாளில் பசித்தால் வெளியே வரும். ராஸுக்கு மட்டும் தனிமைத் தொட்டியில் ஒரு டப்பாவில் மணல் போட்டு வையுங்கள். காப்பர் கொடுக்கும் நாட்களில் அதை எடுத்துவிட வேண்டும்.